மருத்துவமனைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவு. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நலம். ஆனால் அரை மணி நேரம் ஆகியும் அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. "இங்கே இரத்தம் இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். 108 வண்டி வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற சாலையில் அது ஊர்ந்து ஊர்ந்துதான் போயிற்று. அரசு மருத்துவமனையை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் விடிய விடியப் போராடினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவும் நானும் அந்த நர்சிங் ஹோம் வழியாக நடந்து வந்தோம். வாசலில் ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏம்பா, இதுவரைக்கும் ஒரு தாய்கூட இங்கே சாகலைன்னு போட்டிருக்காங்களே, அது நெசமா?"

"நெசமாத்தான் இருக்கும்மா" என்றேன்.

"அன்னிக்கு ராத்திரி அவ போயிருந்தா?"

"அப்பவும் நெசந்தான். சாவு பெரிய ஆஸ்பத்திரி கணக்குலதான் எழுதியிருப்பாங்க."

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். இருந்தாலும் அளப்பது என் தொழில். ஒரு மருத்துவமனை நன்றாக வேலை செய்கிறதா, அதற்குக் கொடுக்கும் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்பதைப் பொதுமக்கள் அளந்தறிய முடியுமா? முடியும். ஆனால் அளவுகோலைப் பிடிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கஞ்சித் தொட்டியிலிருந்து இன்று வரை

வட சென்னை மக்களுக்கு மருத்துவமனை புதிதன்று. இன்றும் முதியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1782ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே அதன் வேர். அங்கே உருவான மருத்துவக் கல்விக்கூடம் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இராயபுரத்தில் சவலை இராமசாமி முதலியார் என்ற வள்ளலின் பெயரைத் தாங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை உள்ளது. 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்றால் ஆட்டோக்காரர் எவருக்கும் தெரியும். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2011இல் திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் மாநகராட்சியோடு இணைந்தபின் அப்பகுதி நகர்ப்புற சுகாதார நிலையங்களும் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தன. துறைமுகத் தொழிலாளிக்குத் துறைமுக மருத்துவமனை, ரயில்வேக்காரருக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்று தனித்தனி வழிகளும் உண்டு.

இவை ஒவ்வொன்றுக்கும் எஜமானர் வேறு. மாநில அரசு, மாநகராட்சி, துறைமுகம், ரயில்வே, இ.எஸ்.ஐ. கழகம் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டி வாங்கும்போது நீங்கள் கட்டும் வரியிலிருந்தும், தொழிலாளியின் சம்பளச் சீட்டில் பிடிக்கும் தொகையிலிருந்தும்தான். பணம் நம்முடையது, நோயும் நம்முடையது. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே.

வகுக்கும் எண் எது?

மருத்துவமனையின் திறமையை அளக்க முதலில் தோன்றும் எண், அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. நூறு பேரில் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரில் பத்துப் பேரா என்று தெரிய வேண்டும். அதாவது மேலே உள்ள எண்ணைப் போலவே கீழே உள்ள எண்ணும் முக்கியம். இதில் பெரியவர்களே தடுமாறிய கதை ஒன்று உண்டு.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய செவிலியாக நாம் அறிவோம். அவர் புள்ளியியலிலும் வல்லவர். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரியான படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று முதலில் போராடியவர்களில் அவர் ஒருவர். 1863இல் வெளிவந்த தம் நூலின் பதிப்பில் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞர் தயாரித்த அட்டவணையை அவர் எடுத்தாண்டார். அதன்படி 1861இல் இலண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவிகிதம்! அப்படியானால் உள்ளே போன நூறு பேரில் ஒன்பது பேர்தான் திரும்பி வந்தார்களா? மருத்துவப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். இதனை ஃபார், 1861 ஏப்ரல் 8ஆம் நாள் அந்த மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையான 4,214ஆல் வகுத்தார். ஆண்டு முழுவதும் நிகழ்ந்த மரணங்களை ஒரே ஒரு நாளின் தலைக்கணக்கால் வகுத்துவிட்டார். ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்து நோயாளிகள் மாறி மாறி வருவதாகக் கொண்டால், உண்மையில் உள்ளே வந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். இறப்பு விகிதம் சுமார் 9 சதவிகிதம்தான். ஃபாரின் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அவர் கண்டது 'ஒரு படுக்கைக்கு ஓராண்டில் எத்தனை மரணம்' என்ற அளவு. படித்தவர்கள் அதனை 'நூறு நோயாளிகளுக்கு எத்தனை மரணம்' என்று புரிந்துகொண்டார்கள். பரீட்சைத் தாளில் அலகு எழுதாத மாணவனுக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

வியன்னாவின் இரண்டு வார்டுகள்

சரியான எண்ணால் வகுத்தால் என்ன பயன் கிடைக்கும் என்பதற்கு மகப்பேறு மருத்துவமனை ஒன்றே சிறந்த சான்று. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1841 முதல் 1846 வரை முதற்பிரிவில் 20,042 பிரசவங்களில் 1,989 தாய்மார்கள் இறந்தனர். இது 9.9 சதவிகிதம். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்களில் 691 பேர், அதாவது 3.9 சதவிகிதம்.

ஒரே கட்டடம், ஒரே ஊர், ஒரே ஏழ்மை. எந்தத் தாய் எந்தப் பிரிவுக்கு என்பதை வந்து சேர்ந்த நாளே முடிவு செய்தது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் நோயாளிகளிடம் இல்லை. மருத்துவமனைக்குள்ளேதான் இருக்க வேண்டும். இக்னாஸ் செமல்வைஸ் என்ற மருத்துவர் தேடிக் கண்டுபிடித்தார். பிணவறையில் சவங்களை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்தார்கள். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் 18.3 சதவிகிதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 சதவிகிதமாக இறங்கியது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. செமல்வைஸ் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே வியன்னா நகரப் பெண்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் மண்டியிட்டு அழுததை அவரே பதிவு செய்திருக்கிறார். நம் ஊரிலும் குழாயடியிலும் மீன் சந்தையிலும் பெண்கள் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு சில சமயம் சரியாக இருக்கும், சில சமயம் வெறும் வதந்தியாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே பதிவேடு தேவைப்படுகிறது.

கடினமான கேள்வித்தாள்

வியன்னாவில் இரு பிரிவுகளுக்கும் ஒரே மாதிரி நோயாளிகள் வந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருப்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

'அ' என்ற பெரிய மருத்துவமனைக்கு ஓராண்டில் 2,000 நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் 1,000 பேர் சாதாரண நோயாளிகள். 2 பேர் இறக்கிறார்கள். மீதி 1,000 பேர் கடுமையான நிலையில் வந்தவர்கள்; 30 பேர் இறக்கிறார்கள். மொத்தம் 32 மரணம், அதாவது 1.6 சதவிகிதம்.

'ஆ' என்ற மருத்துவமனைக்கும் 2,000 பேர்தான் வருகிறார்கள். ஆனால் 1,900 பேர் சாதாரண நோயாளிகள். 6 பேர் இறக்கிறார்கள். கடுமையானவர்கள் 100 பேர் மட்டுமே. 5 பேர் இறக்கிறார்கள். மொத்தம் 11 மரணம், அதாவது 0.55 சதவிகிதம்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் 'ஆ' மூன்று மடங்கு சிறந்தது. இப்போது பிரித்துப் பாருங்கள். சாதாரண நோயாளிகளில் 'அ'வில் 0.2 சதவிகிதம், 'ஆ'வில் 0.32. கடுமையான நோயாளிகளில் 'அ'வில் 3 சதவிகிதம், 'ஆ'வில் 5. இரண்டு வகையிலும் 'அ'வே சிறந்தது! 'அ' கடினமான கேள்வித்தாளை எழுதியது. 'ஆ' எளிய கேள்வித்தாளை எழுதியது. அவ்வளவுதான். புள்ளியியலார் இதனைச் 'சிம்ப்சன் முரண்' என்பர்.

எண்ணூரிலும் மணலியிலும் ஆலையில் தீக்காயம் பட்டவர், மூச்சுத்திணறலோடு வருபவர், எங்கெங்கோ பார்த்துக் கைவிடப்பட்டவர் எல்லாரும் கடைசியில் வந்து சேர்வது அரசு மருத்துவமனைக்கே. அதன் இறப்புக் கணக்கைத் தனியார் கணக்கோடு நேராக ஒப்பிடுவது நியாயமன்று. அதற்காக அரசு மருத்துவமனையில் குறையே இல்லை என்றும் கொள்ளக் கூடாது. வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே பொருள்.

பூச்சியத்தின் மதிப்பு

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். 'ஒரு மரணமும் இல்லை' என்ற பலகைக்கு என்ன மதிப்பு?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைகர் எண்ணி என்ற கருவி உண்டு. கதிரியக்கப் பொருளை அருகில் வைத்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று மாணவர்கள் எண்ணுவார்கள். ஒரு நிமிடம் 9, மறு நிமிடம் 12, அடுத்த நிமிடம் 7 என்று வரும். பொருள் மாறவில்லை, கருவியும் பழுதில்லை. தற்செயலாக நிகழ்பவற்றை எண்ணினால் எண் இப்படித்தான் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு எளிய விதி உண்டு: சராசரி எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். சராசரி 9 என்றால் வர்க்கமூலம் 3. மூன்றில் இரண்டு தடவைக்கு விடை 6க்கும் 12க்கும் இடையில் இருக்கும்.

மரணக் கணக்குக்கும் இவ்விதி ஏறத்தாழப் பொருந்தும். ஒரு பெரிய மருத்துவமனையில் சென்ற ஆண்டு 8 மரணம், இந்த ஆண்டு 11 மரணம் என்றால், 'நிலைமை மோசமாகிவிட்டது' என்று செய்தி போடுவது அவசரம். தற்செயலாகவே அந்த வேறுபாடு வரக்கூடும்.

சிறிய நர்சிங் ஹோமுக்கு வாருங்கள். 2018-20 காலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. ஆண்டுக்கு 500 பிரசவம் பார்க்கும் ஓர் இடம் மிகச் சராசரியாக வேலை செய்தாலும் எதிர்பார்க்கக்கூடிய மரணம் 0.27தான். நான்கு ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லலாம். இப்படிப்பட்ட நூறு நர்சிங் ஹோம்களை எடுத்தால், ஏதேனும் ஓராண்டில் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட இடங்களில் பூச்சியமே இருக்கும். கடுமையான நோயாளிகளை வேறிடத்துக்கு அனுப்பியும் விட்டால், பத்தாண்டானாலும் பூச்சியம் மாறாது. ஆகவே அந்தப் பலகை பொய் சொல்லவில்லை; எதையும் சொல்லவுமில்லை.

இதில் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. மரண எண்ணையே மதிப்பெண்ணாக வைத்துத் தண்டிக்கத் தொடங்கினால், கடுமையான நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆசை எல்லாருக்கும் வந்துவிடும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் இதய அறுவை மருத்துவர்களின் முடிவுகளை வெளியிடத் தொடங்கியபோது இதே அச்சம் எழுந்தது. நோயாளியின் நிலையைக் கணக்கில் சேர்த்துத்தான் அங்கே எண்கள் வெளியாயின. ஆனாலும் விவாதம் ஓயவில்லை.

ஒரு மரணத்தின் பாதை

அப்படியானால் சரியான வழி என்ன? அது நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990களில் தொடங்கி, ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியே ஆராயும் முறை இங்கே வளர்க்கப்பட்டது. கருவுற்ற காலத்திலோ, பிரசவத்தின்போதோ, அதன்பின் 42 நாட்களுக்குள்ளோ அக்காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது தாய் இறப்பு. அரசு மருத்துவமனையாயினும் தனியாராயினும், வீடாயினும், போகும் வழியாயினும், அது உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே சென்று உறவினர்களிடம் விசாரிக்கிறார்கள். எப்போது வலி கண்டது, முதலில் எங்கே போனீர்கள், அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், வண்டி எப்போது வந்தது, இரத்தம் எப்போது கிடைத்தது என்று மணிக்கணக்கோடு எழுதுகிறார்கள். இதற்கு 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று பெயர். மருத்துவமனையில் ஒரு குழு ஆராய்கிறது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் குடும்பத்தாரும் வந்து சொல்ல இடம் உண்டு.

இம்முறையின் சிறப்பைக் கவனியுங்கள். 'எந்த மருத்துவமனையில் இறந்தாள்?' என்ற கேள்வி இங்கே முதலிடம் பெறுவதில்லை. 'எந்தப் பாதையில் வந்தாள்?' என்பதே முதற் கேள்வி. 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் இறப்புக்குக் காரணமான தாமதங்களை மூன்றாகப் பிரித்தார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். என் அக்கா விஷயத்தில் முதல் தாமதத்துக்கு நர்சிங் ஹோம் பொறுப்பு. இரத்தம் கைவசம் இல்லாத இடம், ஆபத்தை அரை மணி நேரம் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் தாமதத்துக்கு லாரிகள் அடைத்த சாலை பொறுப்பு. மூன்றாவது தாமதம் நேரவில்லை. அதனால்தான் அவள் இன்று உயிரோடு இருக்கிறாள்.

2001-03இல் தமிழ்நாட்டில் லட்சத்துக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆயிற்று. அகில இந்திய அளவில் இது 301இலிருந்து 97 ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்துக்கு ஆய்வுமுறை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், இரத்த வங்கிகள், 2008இல் வந்த 108 வண்டி என்று பலவும் சேர்ந்த பயன் அது. ஆனால் எங்கே செவிலியர் தேவை, எங்கே இரத்தம் தேவை, எங்கே வண்டி தேவை என்று காட்டிக் கொடுத்ததில் மரண ஆய்வுகளுக்கும் பங்குண்டு.

பணத்தின் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். இங்கும் வகுக்கும் எண்ணே ஆளை ஏமாற்றும். 100 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு 4 கோடியே 38 லட்சம் ரூபாய் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கைகள் சரியாக நிறைந்திருந்தால் ஆண்டுக்கு 36,500 படுக்கை-நாட்கள். ஒரு நாளைக்கு ஒரு நோயாளிக்கு 1,200 ரூபாய் ஆகிறது. அதே மருத்துவமனையில் கூட்டம் நெருக்கி, பாயிலும் நடையிலும் ஆட்கள் படுத்து, 43,800 நோயாளி-நாட்கள் ஆனால் செலவு 1,000 ரூபாயாகக் 'குறைகிறது'. ஏட்டில் இது சிக்கனம். தரையில் படுத்தவருக்கு அது சிக்கனமன்று. எனவே செலவுக் கணக்கைப் படுக்கை நிறைவு விகிதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மருந்துக் கணக்கில் தமிழ்நாடு ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான அடிப்படை மருந்துகளை அது ஒரே இடத்தில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இது எங்கள் பல்கலைக்கழகத்தில் விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்துத் திருத்துவது போன்றது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் தரப்பட்டது. அந்த ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்பது அதில் வரவாக இருக்கும். கிடங்கிலிருந்து எடுக்கும்போதெல்லாம் பற்று எழுதப்படும். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு மாதிரிதான்! எந்த மருத்துவமனை எதை எவ்வளவு எடுத்தது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்ற அரசு முத்திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு காவல்தான்.

ஆனால் கிடங்கில் மருந்து இருப்பது வேறு. நோயாளியின் கையில் சேர்வது வேறு. எழுதிக் கொடுத்த மருந்துகளில் எத்தனை உண்மையில் வழங்கப்பட்டன என்பதை உலக சுகாதார நிறுவனம் 1993லேயே ஓர் அளவாக வகுத்துக் கொடுத்தது. கணக்கு மிக எளிது. நூறு சீட்டுகளில் மொத்தம் 300 மருந்து எழுதி, 270 மருந்து கிடைத்தால் 90 சதவிகிதம். மீதி முப்பதையும் 'வெளியே வாங்கி வா' என்று சொன்னால், அந்தச் செலவு அரசின் எந்தக் கணக்கிலும் ஏறாது. கூலிக்காரரின் சட்டைப் பையில் மட்டுமே அது பதிவாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மருத்துவமனையின் பணம் ஒரே குழாயில் வருவதில்லை. சம்பளம் ஒரு தலைப்பில், மருந்து மருத்துவப் பணிகள் கழகம் வழியாக, கட்டடம் பொதுப்பணித் துறை வழியாக, சில திட்டங்கள் தேசிய நலவாழ்வு இயக்கம் வழியாக, 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 19. அந்தப் பெரிய புத்தகத்தில் மாநிலம் முழுவதுக்குமான தொகை இருக்கும். 'எங்கள் பேட்டை மருத்துவமனைக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று கேட்பவர், ஐந்தாறு குழாய்களின் நீரைத் தாமே கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இ.எஸ்.ஐ. பணமோ தொழிலாளிக்கு இன்னும் நெருக்கமானது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 சதவிகிதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவிகிதமும் சந்தாவாக வகுக்கப்பட்டது. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்காக இரு பக்கமும் சேர்த்து மாதம் 800 ரூபாய். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை என்றால் மாதம் 8 லட்சம். நோய் வராத மாதத்திலும் அது போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதனால் என்ன கிடைத்தது என்று கேட்பது தொழிலாளியின் உரிமை.

யாரிடம் கேட்பது?

கணக்குப் பார்க்க நம் அரசியலமைப்பிலேயே ஏற்பாடு உண்டு. 148ஆம் பிரிவு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரை நியமிக்க வகை செய்கிறது. மாநிலக் கணக்குகள் பற்றிய அவரது அறிக்கை 151ஆம் பிரிவின்படி ஆளுநருக்குச் சென்று சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பிறகு பொதுக் கணக்குக் குழு அதனை ஆராய்கிறது. ரசீது இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. வாங்கிய கருவி ஓடுகிறதா, அதை ஓட்ட ஆள் இருக்கிறாரா என்றும் செயல்திறன் தணிக்கையில் பார்க்கிறார்கள். இவ்வறிக்கைகள் பொது ஆவணங்கள், எவரும் படிக்கலாம்.

தனி மனிதருக்குக் கிடைத்த கருவி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும் பதினேழு வகைத் தகவல்களை எவரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. ஒதுக்கப்பட்ட நிதியும் செலவும் அவற்றில் அடங்கும். வெளியிடாவிட்டால், வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எண்ணைக் கேளுங்கள், நோயாளியின் பெயரைக் கேட்காதீர்கள். எத்தனை தாய்மார்கள் வந்தார்கள் என்பது பொதுச் செய்தி. எந்தத் தாய்க்கு என்ன நோய் என்பது அவளுடைய சொந்தச் செய்தி.

தனியார் மருத்துவமனைகளிடம் இச்சட்டப்படி நேராகக் கேட்க முடியாது. அவற்றைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்தது. ஆனால் அதற்கான விதிகள் வரவே 2018 ஆயிற்று. காப்பீட்டுத் திட்டத்தின் வழியே பொதுப்பணம் தனியாருக்கும் செல்லும் இக்காலத்தில், பணம் போகும் இடத்துக்கெல்லாம் கணக்கும் போக வேண்டும் அல்லவா?

ஒரு பக்கம் போதும்

நமக்குத் தேவையானது தடித்த புத்தகமன்று. ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வைக்கும் ஒரு பக்கம் போதும். எத்தனை பேர் வந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஆபத்தான நிலையில் வந்தார்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்? எத்தனை பேரை வேறிடத்துக்கு அனுப்பினார்கள், அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? எழுதிய மருந்தில் எத்தனை சதவிகிதம் கொடுத்தார்கள்? படுக்கை எத்தனை, படுத்தவர் எத்தனை? எந்தெந்த வழியில் எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவாயிற்று? இவற்றில் எதற்கும் உயர்கணிதம் வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

இவற்றில் நான்காவது கேள்வியைக் கட்டாயமாக்கினால், எங்கள் தெரு நர்சிங் ஹோமின் பலகையை மாற்றி எழுத வேண்டியிருக்கும். 'மரணம் இல்லை' என்ற வரிக்குக் கீழே, 'இந்த ஆண்டு நள்ளிரவில் அனுப்பி வைத்தவர்கள் இத்தனை பேர்' என்ற வரியும் வரும். அதே போல, கண்ணுக்குத் தெரியாமல் விடிய விடியப் போராடிய அரசு மருத்துவமனை ஊழியர்களின் உழைப்பும் ஓர் எண்ணாக மக்கள் கண்ணில் படும். கணக்குக் கேட்பது குறை காண்பதற்கு மட்டுமன்று. நல்ல வேலையை அடையாளம் காண்பதற்கும் அதுவே வழி.

அன்றிரவு பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். சென்ற வாரம் எண்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தும் பாடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பூச்சியத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். முதலில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பலகையின் கதையை அவள் பெரியவளானதும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.